வெல்லாத வெயில்

குருமடத்தில் மெய்யியல் பயின்றுகொண்டிருந்த 1990-ஆம் ஆண்டில் ஒரு மாலை, நூலகத்தின் கடைசி அடுக்கில் தூசு படிந்து கிடந்த மேனாட்டு ஓவிய வரலாற்று நூலொன்றை எடுத்துப் புரட்டினோம். தடித்த நூல், படங்கள் யாவும் கறுப்பு வெள்ளை. அதில் ஒரு பக்கத்தில் சாம்பல் நிறமாய் ஒரு துறைமுகம். நீர் எது, வானம் எது என்று பிரித்தறிய இயலாத மங்கல். நடுவே கருமையாய் ஒரு சிறு படகு. அடியில் மோனே என்னும் பெயரும், 1872 என்னும் ஆண்டும், 'சூரிய உதயம்' என்னும் பொருள்பட ஒரு தலைப்பும் இருந்தன. சூரியனைத் தேடினோம், காணவில்லை. பக்கத்தை விளக்கிற்கு நேரே சாய்த்துப் பார்த்தபோது வட்டமான ஒரு மெல்லிய சுவடு தென்பட்டது. அதுவும் அச்சு மையின் கறையோ என ஐயுற்றோம். அச்சகத்தாரின் கவனக்குறைவு என்று முடிவு கட்டி, நூலை மூடி வைத்துவிட்டு இரவுச் செபத்திற்குச் சென்றோம்.

ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, இறையியல் பயிலும் காலத்தில், வண்ண நாட்காட்டி ஒன்றில் அதே ஓவியத்தைக் கண்டு திடுக்கிட்டோம். சாம்பல் நீலப் பரப்பின் நடுவே, கனிந்த ஆரஞ்சுப் பழம்போல் சூரியன்! எவர் கண்ணிலும் முதலில் படுவது அதுவாகத்தான் இருக்கும். அச்சகத்தார்மேல் நாம் சுமத்திய பழி பொய் என்பதும், அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் இவ்வோவியத்தைப் பற்றிய முக்கியமான உண்மை ஒன்றை மறைக்காமல் காட்டியிருந்தது என்பதும் மெல்ல மெல்லவே நமக்கு விளங்கின. (இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாம் நூலகத்தில் சூரியனைத் தேடிய அந்நாளில் மூல ஓவியமே அதன் சுவரில் இல்லை. 1985 அக்டோபரில் பாரிஸ் நகரின் மார்மொத்தான் அருங்காட்சியகத்திலிருந்து அது கொள்ளையடிக்கப்பட்டது. கோர்சிக்காத் தீவில் மீட்கப்பட்டது 1990 டிசம்பரில்தான்.)

ஓவியத்தைப் பார்க்காத வாசகர்களுக்காக அதைச் சற்றே விவரிப்போம். பெரிய ஓவியமன்று, 48 சென்டிமீட்டர் உயரம், 63 சென்டிமீட்டர் அகலம். பிரான்சின் வடகரையில் உள்ள லெ ஹாவ்ர் துறைமுகம். குளோத் மோனே பாரிசில் 1840-இல் பிறந்தவர் எனினும் வளர்ந்தது இவ்வூரில்தான். துறையை நோக்கிய விடுதி அறையொன்றின் சன்னல் வழியே அவர் பார்க்கிறார். இடப்பக்கம் பாய்மரங்களும் புகைபோக்கிகளும், வலப்பக்கம் பாரந்தூக்கிகள். எதற்கும் விளிம்பில்லை, எல்லாம் நீலமும் பசுமையும் கலந்த சாம்பலில் கரைந்து நிற்கின்றன. வண்ணம் மிக மெல்லியதாய், சில இடங்களில் துணியின் இழையே தெரியுமளவிற்குப் பூசப்பட்டிருக்கிறது. முன்னே ஒரு படகு. அதில் ஒருவர் நின்றுகொண்டு துடுப்பு வலிக்கிறார், மற்றொருவர் அமர்ந்திருக்கிறார். அதற்குப் பின்னே சாய்கோடாக இன்னும் இரண்டு படகுகள், ஒன்றைவிட ஒன்று மங்கலாக. படத்தின் மையத்திற்குச் சற்று வலப்புறமாக அந்தச் செம்மஞ்சள் வட்டம். அதன் சாயல் நீரில் துண்டு துண்டாய், தூரிகை நின்று நின்று இழுத்த கீற்றுகளாய், படகை நோக்கி இறங்கி வருகிறது. அவ்வளவே.

கறுப்பு வெள்ளையில் சூரியன் ஏன் மறைந்தது? அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கண்ணும் மூளையும் காணும் விதத்தை ஆராயும் மார்கரெட் லிவிங்ஸ்டன் என்னும் அறிஞர் 2002-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை கூறினார். அந்தச் சூரியனின் நிறம் சுற்றியுள்ள மூட்டத்திலிருந்து முற்றிலும் வேறானது. ஆனால் அதன் வெளிச்ச அளவு ஏறத்தாழ மூட்டத்தின் அளவேதான். பழைய கறுப்பு வெள்ளைத் திரைப்படங்களில் நாயகியின் சிவப்புச் சேலையும் பச்சை ரவிக்கையும் ஒரே சாம்பலாய்த் தெரியுமல்லவா? அதுபோல், நிறத்தை நீக்கிவிட்டால் சூரியன் மூட்டத்தோடு மூட்டமாய்க் கலந்துவிடுகிறது. நம் மூளையில் நிறத்தை அறியும் பகுதி அதைத் தெளிவாகக் காண்கிறது. இடத்தையும் அசைவையும் கணிக்கும் பகுதிக்கு வெளிச்ச வேறுபாடு வேண்டும். அது இங்கே இல்லாமையால் அப்பகுதி சூரியனைக் காண்பதே இல்லை. ஒரு பொருள் இருப்பதாகவும் இருக்குமிடம் உறுதியற்றதாகவும் ஒரே நேரத்தில் தோன்றுகிறது. அதனால்தான் அந்த வட்டம் நெடுநேரம் பார்ப்பவர்க்கு மெல்லத் துடிப்பதுபோல் தெரிகிறது. நீலமும் செம்மஞ்சளும் அருகருகே நின்றால் ஒன்றையொன்று கூர்மையாக்கும் என்பதை ஷெவ்ரல் என்னும் பிரெஞ்சு வேதியியல் அறிஞர், சாயப்பட்டறைப் பணியின்போது கண்டு, 1839-இலேயே நூலாக எழுதியிருந்தார். மோனே அதை நூலில் படித்தாரோ கண்ணால் கற்றாரோ, பயன் ஒன்றே: வெளிச்சத்தைக் கூட்டாமலேயே சூரியனைத் தெரியவைத்துவிட்டார்.

அவருக்கு முந்திய ஓவியர் பலர் உதயத்தைத் தீட்டும்போது சூரியனை வெண்மையாக்கினர். சுற்றிலும் இருளைக் கூட்டி, கதிர்களை அம்புகளாக விரித்தனர். பார்த்தவுடன் யார் வென்றார் என்பது தெரிந்துவிடும். மோனேயின் படத்தில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. வெளிச்சம் சூரியனிடம் குவிந்திருக்கவில்லை. மூட்டம் முழுவதிலும் சமமாகப் பரவிக் கிடக்கிறது. இதை நாம் நூலறிவால் மட்டும் உணர்ந்துகொண்டோம் என்று சொன்னால் அது பொய்யாகும். வடகவுஞ்சியில் நாம் வெட்கப்பட நேர்ந்த ஒரு காலைப்பொழுது அதற்குக் காரணமாயிற்று.

பழநியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலையைச் சார்ந்த கீழ்மலைப் பகுதியில் உள்ளது வடகவுஞ்சி. விருப்பாட்சி வாழையும், காப்பியும், மிளகும் விளையும் ஊர். வானம் தெளிந்த நாளில் அச்சாலையின் திருப்பங்களிலிருந்து பழநிச் சமவெளி பாய் விரித்தாற்போல் தெரியும். தெளியாத நாளில் நம் கையை நீட்டினால் விரல் நுனி தெரியாது. இம்மலைப் பகுதியில் பணியேற்ற முதலாண்டில், திருவருகைக் காலத்து முதல் ஞாயிறன்று அங்கே அதிகாலைத் திருப்பலி நிறைவேற்றினோம். வெளியே மேகம் இறங்கியிருந்தது. மறையுரைக்கு வசதியாய்ப் போயிற்று என்று மகிழ்ந்து, மேனாட்டு ஓவியர் ஒருவர் தீட்டிய சூரிய உதயத்தை வருணித்து, "அந்தச் சூரியன் மூட்டத்தைக் கிழித்து வெல்வதுபோல் நம் துன்ப மேகங்களை ஒளி வெல்லும்" என்று குரலை உயர்த்திப் பேசினோம். பேச்சு நன்றாக அமைந்தது என்னும் மனநிறைவோடு வெளியே வந்தபோது, வாழைத் தோட்டக்காரரான முதியவர் ஒருவர் கைகூப்பித் தோத்திரம் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கிக் கூறினார்: "சாமி தப்பா நெனைக்கக் கூடாது. மேகம் எறங்கலேன்னா எங்க வாழை காஞ்சு போயிரும். வெயிலு ஜெயிச்சா நாங்க தோத்துப் போவோம்."

நாம் பதிலின்றி நின்றோம். அவர் சொன்னதில் தவறேதுமில்லை. மலைவாழை பெரும்பாலும் வானத்தை நம்பி வளர்வது. சோலைக்காட்டு மரங்கள் மேகத்தைத் தடுத்து நிறுத்தி இலைவழி சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குகின்றன. ஓடைகள் அந்த ஈரத்தில் உயிர் வாழ்கின்றன. அம்மக்களின் வாழ்வாதாரத்தையே துன்பத்தின் உருவகமாக்கி, அவர்கள் முன்னிலையிலேயே அதை விரட்டியடித்திருந்தோம். ஓவியத்திற்கும் அநீதி செய்திருந்தோம். மோனேயின் சூரியன் எதையும் கிழிக்கவில்லை; கிழித்திருந்தால் கறுப்பு வெள்ளையில் மறைந்திராது! வண்ண நாட்காட்டியைப் பார்த்த பிறகும் அதைப் பார்க்காமலேதான் பேசியிருக்கிறோம். 'ஒளி' என்னும் சொல் கிடைத்தவுடன் 'வெற்றி' என்னும் சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. நம் மேடைகளிலும் இதழ்களிலும் இந்நோய் பரவலானது, நாமும் விதிவிலக்கல்லோம்.

இனி, இப்படத்தை அதன் காலத்தார் எவ்வாறு பார்த்தனர் என்பதற்கு வருவோம். 1874 ஏப்ரல் 15 அன்று, பாரிசின் காப்புசின் கன்னியர் மடத்தின் பெயரைத் தாங்கிய பெருவீதியில், நாதார் என்னும் புகைப்படக் கலைஞர் முன்பு தொழில் நடத்திய கூடத்தில், அரசுக் கலைக்கண்காட்சியின் தயவை வேண்டாத முப்பது ஓவியர் தம் படைப்புகளை வைத்தனர். மொத்தம் 165 படைப்புகள். ஒரு மாதத்தில் ஏறத்தாழ 3500 பேர் வந்து பார்த்தனர். பட்டியல் தயாரித்தவர் ஓவியர் ரெனுவாரின் உடன்பிறந்தாரான எட்மோன். இந்தப் படத்திற்குத் தலைப்புக் கேட்டபோது, இதை லெ ஹாவ்ர் துறைமுகத்தின் தோற்றம் என்று கூறிவிட முடியாது என்பதால் 'மனப்பதிவு' என்று எழுதிக்கொள்ளச் சொன்னதாக மோனே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். லூயி லெருவா என்னும் நையாண்டி எழுத்தாளர் ஏப்ரல் 25 அன்று 'ஷாரிவாரி' இதழில் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, முற்றுப்பெறாத சுவரொட்டித் தாள்கூட இதைவிடத் திருத்தமாயிருக்கும் என்று கேலி செய்தார். 'இம்ப்ரெஷனிஸ்டு' என்னும் பெயர் நிலைத்தது இவ்வாறே. கேலி என்றாலும் லெருவா ஒன்றைச் சரியாகவே கண்டார்: படம் முற்றுப்பெறவில்லை. நான்கு நாள் கழித்து எழுதிய காஸ்தஞாரி அதே குறையைத் தலைகீழாக்கி, இவர்கள் நிலக்காட்சியைத் தருவதில்லை, நிலக்காட்சி நம்முள் எழுப்பும் உணர்வைத் தருகிறார்கள் என்று பொருள்பட விளக்கினார். திறனாய்வு என்பதற்கு இவ்விருவரில் இவரே நமக்கு ஆசிரியர்.

அவ்வுணர்வு எத்தகையது என்னும் கேள்விதான் கடினமானது. படத்தை வாங்கிய ஓஷதே என்னும் வணிகர் பொருளிழந்து 1878-இல் தம் சேகரிப்பை ஏலத்தில் விட்டபோது, 800 பிராங்கிற்கு வாங்கியது 210 பிராங்கிற்குப் போயிற்று. விலை வீழ்ந்ததைக் காட்டிலும் வியப்பானது, அந்த ஏலப் பட்டியலில் இது சூரிய உதயம் என்றில்லாமல் 'சூரிய மறைவு' என்று குறிக்கப்பட்டிருந்ததே. நான்கே ஆண்டுகளில் காலை மாலையாகிவிட்டது! பின்னாளிலும் அறிஞர்களிடையே இந்த ஐயம் முழுவதும் ஓயவில்லை. 2014-இல் அமெரிக்க வானியல் பேராசிரியர் டொனால்டு ஓல்சன், சன்னல் இருந்த இடம், சூரியன் எழுந்த திசை, பெருங்கப்பல்கள் நுழைய ஏற்ற நீர்ப்பெருக்கின் நேரம், அக்கால வானிலைக் குறிப்புகள் ஆகியவற்றைக் கூட்டிக் கணித்து, இது உதயமே என்றும், 1872 நவம்பர் 13 காலை 7 மணி 35 நிமிடமாக இருக்கக்கூடும் என்றும் கூறினார். இம்மலையில் வாழும் நமக்கு இக்கணக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறது. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்ததும் இங்கேதான். சூரியனைத் துல்லியமாக அளக்கும் கண்ணும், மேகத்தினூடே அதைத் தேடும் கண்ணும் அருகருகே வாழும் மலை இது.

ஆயினும் கணக்கு தீர்த்து வைப்பது நேரத்தை மட்டுமே. படத்தைப் பார்ப்பவர் தலைப்பையும் தேதியையும் அறியாவிட்டால் இது காலையா மாலையா? இங்கே நம் பொருளிலக்கணம் துணைக்கு வருகிறது. கடலும் கடல்சார்ந்த நிலமும் நெய்தல். தொல்காப்பியம் அதற்கு வகுத்த சிறுபொழுது எற்பாடு. 'எல்' என்பது பகலொளி, கதிரவன். 'படு' என்னும் வினையோ விழுதலையும் குறிக்கும், தோன்றுதலையும் குறிக்கும். எற்பாட்டிற்குக் கதிர் சாயும் நேரம் என்று பொருள் கொண்டோரே மிகுதி. கதிர் தோன்றும் காலை என்று கொண்டோரும் உண்டு. பாரிசின் ஏலப் பட்டியலில் நேர்ந்த குழப்பம் நம் உரைமரபில் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கிறது. நெய்தலின் பொழுதைப் பற்றி இப்படி ஓர் இருமை எழுந்தது தற்செயல் என்று நாம் எண்ணவில்லை. நீரும் வானும் ஒன்றாகும் கரையில், திசை அறியாதவனுக்கு விடிவும் மறைவும் ஒரே முகம்தான் காட்டும். வடகவுஞ்சியில் பகல் தூக்கத்திலிருந்து விழித்தெழுந்த விருந்தினர் ஒருவர் மாலை ஐந்து மணியை விடியல் என்று நம்பிப் பல் துலக்கச் சென்றதை நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். மோனேயின் படம் இரங்குகிறதா? இரங்குவதற்கான காரணம் இல்லாமலில்லை. 1870-71 போரில் பிரான்சு பிரஷ்யாவிடம் தோற்றது. பாரிசில் உள்நாட்டுக் கலவரத்தில் இரத்தம் ஓடியது. மோனே மனைவி மகனோடு இலண்டனுக்குச் சென்று தங்கி, டர்னரின் மங்கலொளி ஓவியங்களையும் தேம்சு ஆற்றின் மூடுபனியையும் பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஆகவே இதனைத் தோற்ற நாட்டின் துயரமாகப் படிப்போர் உண்டு. பாரந்தூக்கிகளையும் புகைபோக்கிகளையும் சுட்டி, நாடு மீண்டெழும் நம்பிக்கையாகப் படிப்போரும் உண்டு. இரு சாராரும் சூரியனை ஒரு கொடியாகப் பிடித்துக்கொள்கின்றனர் என்பதே நம் குறை. வண்ணங்களைக் கேட்டால் அவை இரண்டில் எதையும் சொல்வதில்லை. குளிர் இருக்கிறது, அழுகை இல்லை. வெம்மை இருக்கிறது; ஆரவாரம் இல்லை. நமக்கு இது நெய்தல் நிலத்தில் வந்து அமர்ந்த முல்லையாகத் தோன்றுகிறது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். வருவார் என்னும் உறுதியோடு, வரும் நேரம் அறியாமல், ஆற்றியிருத்தல். நீரில் இறங்கும் செம்மஞ்சள் கீற்றுகளைப் பாருங்கள். அவை தொடர்ச்சியான பாதையாக இல்லை; விட்டு விட்டு, ஒவ்வொரு கீற்றிற்கும் அடுத்தது உண்டா இல்லையா என்று தெரியாதவாறு கிடக்கின்றன. திணைமயக்கம் என்று நம் முன்னோர் சொன்ன அமைதி இதுதான் என்று துணிந்து சொல்லலாம்.

இவ்விடத்தில் நம் வாதத்தைச் சற்றே சங்கடப்படுத்தும் செய்தி ஒன்றையும் மறைக்கலாகாது. இவ்வளவு நேரமும் படத்தின் மூட்டத்தை வடகவுஞ்சி மேகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தோம். ஆனால் லெ ஹாவ்ர் 1872-இல் நிலக்கரி எரித்த துறைமுகம். இடப்பக்கத்துப் புகைபோக்கிகள் அலங்காரத்திற்கு நிற்கவில்லை. டர்னர், மோனே ஆகியோரின் ஓவியங்களில் விளிம்புகள் மங்குவதும் வெண்மை கூடுவதும் அவர்கள் காலத்துக் காற்று மாசு பெருகியதோடு சேர்ந்தே நிகழ்ந்தன என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆக, நாம் ஆற்றியிருத்தலின் வண்ணம் என்று போற்றும் அந்தச் சாம்பல் நீலத்தில் எத்தனை பங்கு நீராவி, எத்தனை பங்கு கரிப்புகை? துறையில் மூச்சிழுத்த கூலியாட்களுக்கு அது அழகாயிருந்திருக்குமா? இதனால் ஓவியம் சிறுமைப்படுகிறது என்று நாம் கருதவில்லை. மோனே தம் கண்முன் இருந்த காற்றைத் தீட்டினார், இல்லாத தூய காற்றைக் கற்பனை செய்யவில்லை. என்றாலும் மேகத்தைப் பகையாக்கிய பழைய மறையுரைக்குக் கழுவாயாக எல்லா மூட்டத்தையும் வாழ்த்தப் புறப்பட்டால் அதுவும் பாராமற் பேசுவதே ஆகும்.

குறைகளைச் சொல்ல வேண்டுமெனில், இடப்பக்கத்துப் பாய்மரக் கூட்டம் நமக்கு நிறைவளிக்கவில்லை. வலப்பக்கத்தில் மங்கல் என்பது கண்ட காட்சியாக நிற்கிறது. இடப்பக்கத்தில் அது கை விரைந்ததன் அடையாளமாக மட்டும் நிற்கிறது. பெயர் பெற்ற காரணத்தாலேயே இதை மோனேயின் தலைசிறந்த படம் என்போரோடும் நாம் உடன்படோம். 1868-69 குளிர்காலத்தில், எத்ரதா என்னும் ஊரருகே, வேலிப் படலின்மேல் தனித்து அமர்ந்த கருப்பு வெள்ளைப் பறவையொன்றை வைத்து அவர் தீட்டிய பனிக்காட்சி ஒன்று உண்டு. அதில் பனியின்மேல் விழும் நிழல்கள் நீலமாயிருக்கின்றன. வெண்மைக்குள்ளேயே எத்தனை வெப்பமும் தட்பமும் உண்டு என்று கண் வியக்கிறது. அதை 1869-ஆம் ஆண்டின் அரசுக் கண்காட்சி தள்ளிவிட்டது. பாரிசின் ஒர்சே அருங்காட்சியகம் 1984-இல்தான் வாங்கியது. கைத்திறனால் அதுவே மேல். ஆயினும் அங்கே ஒளி முன்பே வந்துவிட்டது. இங்கே இன்னும் வந்து சேரவில்லை; அதனால் நாம் திரும்பத் திரும்ப இதனிடமே வருகிறோம்.

இறையியல் மாணவராயிருந்தபோது தொடக்கநூலின் முதல் அதிகாரம் நமக்கு ஒரு இடறலாயிருந்தது. ஒளி தோன்றுவது முதல் நாளில். சூரியன் தோன்றுவதோ நான்காம் நாளில். சூரியனின்றி மூன்று நாள் ஒளி எங்கிருந்து வந்தது? நான்காம் நூற்றாண்டில் தூய பேசில் இக்கேள்வியை எதிர்கொண்டு, முன்பே இருந்த அந்தத் தூய ஒளியைச் சுமந்து செல்லும் ஊர்தியாகவே பின்னர் சூரியன் படைக்கப்பட்டது என்று விளக்கினார். அந்நாளில் அவ்விளக்கம் நமக்குச் சொல்ஜாலமாகத் தோன்றியது. தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றதோடு சரி. மேகத்திற்குள் விடியும் வடகவுஞ்சிக் காலைகளில், சூரியன் இருக்குமிடமே தெரியாமல் இலைகளும் கூரைகளும் நீர்த்துளிகளும் தத்தம் அளவில் வெளிச்சமாயிருப்பதைப் பார்த்த பிறகே பேசில் சொன்னதற்கு ஒரு கண்சாட்சி கிடைத்தது. மோனே பக்தரல்லர், இறுதிவரை சமயப் பற்றற்றவராகவே வாழ்ந்தார். அவர் வேதநூலை நினைத்துத் தீட்டினார் என்று சாதிக்க நமக்கு உரிமையில்லை. ஒளியைச் சூரியனுக்குச் சொந்தமாக்காத ஓவியம் ஒன்று நம் கையில் இருக்கிறது என்பது மட்டுமே நாம் சொல்ல விரும்புவது.

சென்ற ஆண்டு திருவருகைக் காலத்தில் அந்த முதியவரிடம் இப்படத்தின் வண்ணப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பழைய மறையுரைக்கு மன்னிப்புக் கேட்பதுபோல் அமையட்டும் என்று ஓர் எண்ணம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். சூரியனை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. முன்படகில் நின்று துடுப்பு வலிக்கும் அந்த முகமற்ற ஆளின்மேல் விரலை வைத்து, "இது காலையா சாமி, சாயங்காலமா?" என்றார். காலைதான், ஏழரை மணிக்கு மேல் என்று கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள் என்றோம்.

"அப்ப வேலைக்குப் போறான்" என்றார்.

அவன் எதற்கும் காத்திருக்கவில்லை என்று அவர் சொல்லாமற் சொல்கிறார் எனப் புரிந்தது. இருத்தல் என்று நாம் மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று எண்ணினோம், இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறோம். படம் இன்று அவர் வீட்டு அடுப்படிச் சுவரில், புகை படும் இடத்தில், ஒட்டப்பட்டிருக்கிறது.